போர் விமான விபத்துகள்: ‘விமானியின் பிழை’ என்ற சொல்லோடு விசாரணை முடிந்துவிடுகிறதா?

சூலூர் ஆசிரியை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கோவை மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து தேஜஸ் விமானங்கள் கிளம்பும்போது எங்கள் வகுப்பறை ஜன்னல் கண்ணாடி அதிரும். சத்தம் அடங்கும் வரை பாடத்தை நிறுத்திவிட்டு, பிள்ளைகளோடு சேர்ந்து நானும் வானத்தைப் பார்ப்பது பல ஆண்டுப் பழக்கம். 2025 நவம்பர் 21 அன்று துபாய் விமானக் கண்காட்சியில் தேஜஸ் ஒன்று தரையில் மோதி விங் கமாண்டர் நமன்ஷ் சியால் உயிரிழந்தார். அவர் பணியாற்றிய தளம் சூலூர் என்பதும், அவருடைய உடல் முதலில் இங்கேதான் கொண்டுவரப்பட்டது என்பதும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்த வாரத்தில் ஒரு நாள் ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், விமானத்தில் கோளாறா, இல்லை ஓட்டியவர் தப்புப் பண்ணிவிட்டாரா?” என்று கேட்டாள். விசாரணை முடியும் முன் நாம் ஊகிக்கக் கூடாது என்று சொல்லி அவளை உட்கார வைத்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று அவள் நினைத்ததைப் போலவே நானும் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

எனக்கு இதில் சொந்தக் கவலையும் உண்டு. என் தங்கை மகன் தேர்வுகளில் தேறி, பயிற்சிக்காக ஹைதராபாத் அருகே உள்ள துண்டிகல் விமானப்படை அகாடமிக்குப் போகவிருக்கிறான். எங்காவது ஒரு விமானம் விழுந்தது என்று தொலைக்காட்சியில் ஓடினால் போதும், தங்கை எனக்கு ஃபோன் செய்துவிடுவாள். அவளைத் தேற்றுவதற்காகவே படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடியது. 1963இல் சேவைக்கு வந்த மிக்-21 விமானங்கள் 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றன. அந்த வாரம் வந்த கட்டுரைகளில் பாதி அதனைப் ‘பறக்கும் சவப்பெட்டி’ என்று எழுதின. மறுபாதி அது அருமையான விமானம், விபத்துகளுக்குப் பயிற்சிக் குறையே காரணம் என்று எழுதின. 2012இல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் அளித்த பதிலின்படி, வாங்கப்பட்ட 872 மிக் விமானங்களில் 482 விபத்துக்குள்ளாகியிருந்தன. 171 விமானிகளும், 39 பொதுமக்களும், பிற படைப்பிரிவினர் 8 பேரும் இறந்திருந்தனர். போரில் சுடப்படாமல், அமைதிக் காலப் பறத்தலில் பெரும்பாலும் நேர்ந்த இழப்பு இது.

இத்தனை இழப்பையும் ‘இயந்திரக் கோளாறு’, ‘மனிதப் பிழை’ என்று இரண்டு பெட்டிகளில் போட்டு மூடிவிடலாமா? பயிற்சியில் அப்படி என்ன குறை இருந்தது, அது இப்போது தீர்ந்துவிட்டதா? துறையில் இருந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

முன்னாள் ஏர்ஃபிரேம் ஃபிட்டர், தாம்பரம்:

வணக்கம் டீச்சர். நான் விமானப்படையில் இருபது ஆண்டுகள் தரைப் பணியாளனாக இருந்து சார்ஜென்ட்டாக ஓய்வு பெற்றவன். அதில் ஒன்பது ஆண்டுகள் மிக்-21 ஸ்குவாட்ரனில், அதாவது ஒரு விமானப் படைப்பிரிவில், கழிந்தன. நான் விமானி இல்லை. ஆனால் விமானிக்கு மிக அருகில், ஏணியின் கடைசிப் படியில் நின்றவன். அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

விமானி எஃப்-700 பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு விமானத்தை ஏற்றுக்கொண்ட பிறகு, சுற்றி வந்து ஒவ்வொரு பாகமாகப் பார்ப்பார். பின் ஏறி உட்காருவார். தோள்பட்டை வார்களை இழுத்துக் கட்டுவது எங்கள் வேலை. ஆபத்தில் விமானியை இருக்கையோடு வெளியே தூக்கி எறியும் எஜெக்ஷன் சீட் தவறுதலாக வெடித்துவிடாமல் இருப்பதற்காகச் செருகியிருக்கும் பாதுகாப்பு ஊசிகளைக் கடைசியில்தான் உருவுவோம். ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணி தொங்கும். உருவிய ஊசிகளை விமானியின் கண்ணுக்கு நேரே விரித்துக் காட்ட வேண்டும். அவர் எண்ணிப் பார்த்துத் தலையசைத்த பிறகே நான் ஏணியை எடுப்பேன். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பிள்ளைகள் அவர்கள். எண்ணும்போது உதடு அசையும். அந்த முகங்களில் இரண்டை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மிக்-21 ஒலியைவிட இரு மடங்கு வேகத்தில் உயரே ஏறிப் பகை விமானத்தை மறிப்பதற்காக வடிவமைக்கப்பட்டது. முக்கோண வடிவில், உடலுக்கு ஏற்பச் சிறிய இறக்கை. அந்த இறக்கை மெதுவான வேகத்தில் போதிய தூக்குவிசையைத் தராது என்பது இயற்பியல் ஆசிரியையான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனவே அது மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் தரையிறங்கும். இறங்கியதும் வால் பக்கத்திலிருந்து பாராசூட் விரிந்து அதனை இழுத்துப் பிடிக்க வேண்டும். மூக்கை உயர்த்தி இறங்குவதால் விமானிக்கு முன்னால் ஓடுபாதை சரியாகத் தெரியாது. இறங்கும் நேரத்தில் இன்ஜின் சக்தியைச் சற்றே அதிகமாகக் குறைத்துவிட்டால் விமானம் கல்லைப் போலக் கீழே போகும். ஒரே இன்ஜின் என்பதால் அது நின்றால் மாற்று வழியும் இல்லை.

இந்த விமானத்துக்கு வருவதற்கு முன் எங்கள் பையன்கள் ஓட்டியது கிரண் என்ற ஜெட் பயிற்சி விமானம். கிரண் நிதானமான, தவறை மன்னிக்கக்கூடிய விமானம். ஒலியின் வேகத்தை எட்டவே எட்டாது. அதிலிருந்து இறங்கி, அசாமில் தேஜ்பூரில் இருந்த மிக் பயிற்சிப் பிரிவுக்குப் போய், நேராக மிக்-21இல் ஏறினார்கள். குளத்தில் நீந்தக் கற்றவனைச் சுழல் உள்ள ஆற்றில் இறக்கிவிட்டது போன்ற நிலைமை. இரண்டுக்கும் நடுவில் ஒரு படி இல்லை என்பதைப் பயிற்றுநர்கள் அறிந்திருந்தார்கள், தலைமை அறிந்திருந்தது, ஏணியில் நின்ற நாங்களும் அறிந்திருந்தோம். 1982இல் ஏர் மார்ஷல் டெனிஸ் லாஃபோன்டைன் தலைமையிலான குழு, உயர்நிலை ஜெட் பயிற்சி விமானம் ஒன்று கட்டாயம் தேவை என்று எழுதியே கொடுத்துவிட்டது. 1997இல் அப்துல் கலாம் தலைமையில் இன்னொரு குழு போர் விமான விபத்துகளை ஆராய்ந்தது. அப்படிப்பட்ட பயிற்சி விமானமான பிரிட்டனின் ஹாக் 66 வாங்குவதற்கான ஒப்பந்தம் கையெழுத்தானது 2004 மார்ச் மாதத்தில். அவை கர்நாடகத்தின் பீதர் தளத்தில் முறைப்படி சேவையில் சேர்ந்தது 2008 பிப்ரவரியில்.

1982க்கும் 2008க்கும் இடையே இருபத்தாறு ஆண்டுகள். அந்தக் காலத்தில் இறந்த ஓர் இளம் விமானியின் கோப்பில் ‘விமானியின் பிழை’ என்று எழுதியிருந்தால், அந்தப் பிழையில் தில்லியில் மேசை மாறி மேசை போய்க்கொண்டிருந்த கோப்புக்கும் பங்கு உண்டா இல்லையா என்பதை நீங்களே சொல்லுங்கள். எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு.

பெரிய விமானத்தில் மட்டும் இந்தக் குறை இருந்ததாக எண்ண வேண்டாம். முதல் படியில் இருந்த எச்.பி.டி-32 தீபக் என்ற சிறு விமானத்தின் இன்ஜின் பறக்கும்போதே நின்றுவிடும் பழக்கம் உடையது. 17 விபத்துகளில் 19 பேரை இழந்த பிறகு, 2009 ஜூலையில் பயிற்றுநர்கள் இருவர் இறந்ததைத் தொடர்ந்துதான் அது ஒரேயடியாக நிறுத்தப்பட்டது. அதன் இடத்துக்கு ஸ்விட்சர்லாந்தின் பிலாட்டஸ் பி.சி-7 வந்தது 2013இல். இடைப்பட்ட ஆண்டுகளில் புதுப் பிள்ளைகள் அகரம் படிக்க வேண்டிய இடத்திலேயே கிரண் ஜெட்டில் ஏற வேண்டியிருந்தது.

இப்போது தீர்ந்துவிட்டதா என்று கேட்டீர்கள். 10,000 பறப்பு மணிக்கு எத்தனை விபத்து என்று கணக்கிடுவது நம் விமானப்படையின் வழக்கம். 2000 முதல் 2005 வரை 0.93 ஆக இருந்த அந்த விகிதம், 2020 முதல் 2024 வரையிலான காலத்தில் 0.20 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய மிக் விமானங்கள் படிப்படியாக வெளியேறியதும் இதற்குக் காரணம் என்பதால் எல்லாப் புகழையும் ஹாக்குக்குத் தர மாட்டேன். ஆனால் உங்கள் தங்கை மகன் ஏறப்போகும் படிக்கட்டில் நடுப்படி இருக்கிறது. அதனை அவன் தாயிடம் தைரியமாகச் சொல்லலாம்.

வரலாற்று வாசகர், திருச்சி:

சார்ஜென்ட் ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். விமானமா, விமானியா என்ற கேள்விக்கு உலக வரலாற்றில் கிட்டத்தட்ட ஒரு பரிசோதனையைப் போலவே அமைந்துவிட்ட நிகழ்வு ஒன்று உண்டு. மேற்கு ஜெர்மனியின் எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் கதையைத்தான் சொல்கிறேன்.

1960களின் தொடக்கத்திலிருந்து ஜெர்மானியர்கள் இந்த அமெரிக்க விமானத்தில் 916 வாங்கினார்கள். அவற்றுள் 292 நொறுங்கின, 116 விமானிகள் இறந்தார்கள். அங்கே அதற்கு ‘விதவையாக்கி’ என்றே பெயர் வழங்கியது. அதே காலத்தில் ஸ்பெயின் அதே விமானத்தில் 21 வைத்திருந்து, ஏறத்தாழ ஏழு ஆண்டுகளில் 17,000 மணி நேரத்துக்கும் மேல் பறந்து, ஒன்றைக்கூட இழக்கவில்லை. ஒரே தொழிற்சாலை வடிவமைத்த ஒரே இறக்கை. அப்படியானால் வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

ஸ்பெயின் அந்த விமானத்தை அது பிறந்த வேலைக்கே, அதாவது உயரே ஏறி மறிக்கும் வேலைக்கே வைத்துக்கொண்டது. அனுபவமுள்ள விமானிகளைத் தேர்ந்தெடுத்தது. வானமும் அங்கே பெரும்பாலும் தெளிவாக இருந்தது. ஜெர்மனியோ அதே விமானத்தில் கூடுதல் கருவிகளையும் குண்டுகளையும் ஏற்றி, மேகமும் மழையும் மூடிய ஐரோப்பிய வானத்தில் தரையை ஒட்டிப் பறக்கும் தாக்குதல் வேலைக்கு அனுப்பியது. ஜெர்மன் இளைஞர்கள் அந்த விமானத்தை ஓட்டக் கற்றது அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில், நீல வானத்தின் கீழே. ஊர் திரும்பியதும் அவர்கள் கண்டது சாம்பல் நிற மேகம். போதாக்குறைக்கு, போர் முடிந்து பத்தாண்டுகள் விமானப்படையே இல்லாமல் இருந்த நாடு அது என்பதால், கற்றுத் தரும் நடுத்தலைமுறை விமானிகளும் இல்லை, கைதேர்ந்த மெக்கானிக்குகளும் போதவில்லை.

1966இல் விமானப்படையின் தலைமைப் பொறுப்புக்கு ஜோஹன்னஸ் ஸ்டைன்ஹாஃப் வந்தார். அவரே பழைய போர் விமானி. 1945 ஏப்ரலில் ஜெட் விமானம் ஓடுபாதையில் எரிந்ததில் முகம் முழுவதும் வெந்து, வாழ்நாள் முழுதும் அந்தத் தழும்புகளோடு வாழ்ந்தவர். விபத்து என்ற சொல்லின் பொருளை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது. பயிற்சியையும் பராமரிப்பையும் அவர் ஒழுங்குபடுத்தினார். எஜெக்ஷன் சீட்டையும் மாற்ற வைத்தார். விபத்துகள் குறைந்தன. விமானம் மாறவில்லை, அதனைச் சூழ்ந்திருந்த ஏற்பாடு மாறியது.

இதனால்தான் ‘பறக்கும் சவப்பெட்டி’ என்ற பட்டப்பெயர் எனக்குப் பிடிப்பதில்லை. பழியை உலோகத்தின் மீது போட்டுவிட்டால், இந்த வேலைக்கு இந்த விமானத்தை, இந்தப் பயிற்சியோடு அனுப்பலாம் என்று முடிவெடுத்த மனிதர்கள் காட்சியிலிருந்து மறைந்துவிடுகிறார்கள்.

தஞ்சை வாசகர்:

இருவர் எழுதியதிலும் உண்மை இருக்கிறது, ஆனாலும் நான் முழுதாக உடன்படவில்லை. எங்கள் ஊர்த் தளத்தில் 2020 ஜனவரி முதல் சுகோய்-30 ஸ்குவாட்ரன் இருக்கிறது. என் உறவினர்கள் சிலர் படையில் இருக்கிறார்கள். போர் விமானி என்பவர் பயணிகள் விமானத்தின் விமானியைப் போல ஆபத்தைத் தவிர்த்துக்கொண்டே பறக்க முடியாது. ரேடார் கண்ணில் படாமல் இருக்க மரத்தின் உச்சியை ஒட்டிப் பறக்க வேண்டும். இன்னொரு விமானத்துக்குச் சில மீட்டர் தள்ளி அணிவகுக்க வேண்டும். 2023 ஜனவரியில் குவாலியரிலிருந்து கிளம்பிய சுகோயும் மிராஜும் விபத்துக்குள்ளாகி விங் கமாண்டர் ஒருவர் இறந்தார். அவை இரண்டும் பழைய மிக் விமானங்களல்ல, அவற்றில் இருந்தவர்களும் கற்றுக்குட்டிகளல்ல. பயிற்சியைக் கடுமையாக வைத்தால் சில இழப்புகள் நேரும். எளிதாக வைத்தால் அதே இழப்பு போர்க்களத்தில் பல மடங்காக நேரும். இதனைச் சொல்ல மனம் கனக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் யாரும் தொடவில்லை. தளங்கள் கட்டப்பட்டபோது சுற்றிலும் வயல்களாக இருந்த இடமெல்லாம் இன்று வீடுகளாகிவிட்டன. 2025 ஜூலை 21 அன்று டாக்காவில், மிக்-21இன் சீன வடிவமான எஃப்-7 போர் விமானம் ஒன்று பயிற்சியின்போது உத்தரா பகுதியில் இருந்த பள்ளிக் கட்டடத்தின் மீது விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். அந்த இளம் விமானிக்கு அன்று அந்த விமானத்தில் தனியாகப் பறக்கும் முதல் நாள். நம் நாட்டிலும் 2023 மே மாதம் ராஜஸ்தானின் ஹனுமான்கரில் மிக்-21 ஒன்று வீட்டின் மீது விழுந்து மூன்று பெண்கள் இறந்தார்கள்; விமானி பாராசூட்டில் தப்பினார். விமானிகளின் பயிற்சியைப் பற்றிப் பேசும் நாம், தளத்தைச் சுற்றி நாம் செய்துவைத்திருப்பதைப் பற்றியும் பேச வேண்டும். விமான நிலையத்தின் மையப் புள்ளியிலிருந்து 10 கிலோமீட்டர் தொலைவுக்குள் இறைச்சிக் கழிவையும் குப்பையையும் திறந்த வெளியில் கொட்டக் கூடாது என்று விதியே இருக்கிறது. கழிவு இருந்தால் பருந்து வரும். மிக்-21இன் காற்று உள்ளே போகும் வாய் மூக்கின் நுனியிலேயே இருக்கிறது. ஒரு பருந்து உள்ளே போனால் இருப்பது ஒரே இன்ஜின். அந்தப் பருந்தை அங்கே வரவழைத்தவர் விமானியும் அல்லர், தில்லி அதிகாரியும் அல்லர்.

விசாரணை அறிக்கைகளை வெளியிட வேண்டும் என்று சிலர் கேட்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு விமானத்தின் பலவீனம் எது என்று எழுதி ஊருக்குக் காட்டினால் அதை முதலில் படிப்பவன் எதிரி.

மென்பொறியாளர், பெங்களூரு:

தஞ்சை நண்பரே, பறவைகளைப் பற்றியும் குடியிருப்புகளைப் பற்றியும் நீங்கள் சொன்னதை ஒரு சொல்கூட மாற்றாமல் ஏற்கிறேன். பயிற்சி கடுமையாக இருக்க வேண்டும் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் கடுமையான பயிற்சியும் குறையுள்ள பயிற்சியும் ஒன்றாகிவிடா. ஆபத்தான வேலைக்குப் படிப்படியாகத் தயார் செய்வது கடுமை. படியை விட்டுவிட்டு மேலே ஏறச் சொல்வது குறை. சார்ஜென்ட் ஐயா சொன்னது இரண்டாவதைப் பற்றி.

தரையிலேயே பறப்பதைப் போலப் பழக உதவும் விமான சிமுலேட்டர்களுக்கு மென்பொருள் எழுதும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், ‘மனிதப் பிழை’ என்ற சொல்லுக்கு வருகிறேன். டீச்சர், உங்கள் மாணவிக்கு இதனை வகுப்பிலேயே விளக்கலாம். நம் உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. தலை திரும்பும்போது அவற்றுள் இருக்கும் நீர்மம் பின்தங்குவதை வைத்துத்தான் மூளை திருப்பத்தை உணர்கிறது. விமானம் மிக மெதுவாகச் சாயும்போது அந்த நீர்மம் அசைந்ததை மூளை உணர்வதே இல்லை. மேகத்துக்குள் போய்விட்ட விமானிக்கு அடிவானம் தெரியாது. விமானம் சாய்ந்திருக்கும், உடம்போ நேராக இருக்கிறேன் என்று சொல்லும். அதை அவர் நேராக்கினால், மறுபக்கம் சாய்கிறோம் என்று உடம்பு அலறும். உடம்பை நம்பாமல் முன்னாலிருக்கும் கருவியை நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை புத்தகத்தைப் படித்து வராது, மீண்டும் மீண்டும் அந்த மயக்கத்துக்குள் போய் மீண்டால்தான் வரும்.

2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய எம்.ஐ-17 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே மலையில் மோதி ஜெனரல் பிபின் ராவத் உள்ளிட்டோர் இறந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. அது போர் விமானமல்ல. ஆனாலும் பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறியதால் மேகத்துக்குள் புகுந்து, விமானிக்குத் திசை உணர்வு குழம்பியதே காரணம் என்றுதான் விசாரணை சொன்னது. அந்தப் பயணத்தில் நல்ல அனுபவமுள்ள குழுவினர் இருந்தார்கள். அவர்களின் காதும் நம் காதைப் போன்றதுதான்.

ஜி விசையும் அப்படியே. வேகமாகத் திரும்பும் போர் விமானத்தில் உடல் எடை ஏழு, எட்டு மடங்காகிறது. ரத்தம் தலையிலிருந்து காலுக்கு இறங்குகிறது. முதலில் நிறம் மங்கும், பிறகு பார்வை குழாய்க்குள் பார்ப்பதைப் போலக் குறுகும், அதன்பின் நினைவு போகும். நினைவு திரும்பச் சில நொடிகள்தான் ஆகும் என்று வைத்துக்கொண்டாலும், மணிக்கு 900 கிலோமீட்டரில் பறக்கும் விமானம் ஒரு நொடிக்கு 250 மீட்டர் போய்விடும் என்பதை உங்கள் பிள்ளைகள் கரும்பலகையிலேயே கணக்குப் போட்டுவிடுவார்கள். இதற்காகவே பெங்களூரில் விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனத்தில் மனிதரை வைத்துச் சுழற்றும் பெரிய இயந்திரம் இருக்கிறது. வயிற்றையும் காலையும் இறுக்கி, மூச்சைத் துண்டு துண்டாக விட்டு ரத்தத்தைத் தலையில் நிறுத்திவைக்கும் வித்தையை அங்கே பயிற்றுவிக்கிறார்கள்.

ஆகவே ஒரு விசாரணை ‘மனிதப் பிழை’ என்ற முடிவுக்கு வருமானால், அடுத்த பக்கத்தில் கேள்விகள் தொடர வேண்டும். அந்த மாதத்தில் அவர் எத்தனை மணி நேரம் பறந்திருந்தார்? முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினார்? இந்தச் சூழலைச் சிமுலேட்டரில் எப்போதாவது சந்தித்திருந்தாரா? எஜெக்ஷன் பிடியை இழுக்க ஏன் தாமதித்தார்? விமானத்தைக் காப்பாற்ற நினைத்தா, கீழே ஊர் இருந்ததாலா, இழுத்தால் பின்னால் வரும் விசாரணையை எண்ணியா?

ரகசியம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2005 ஜனவரியில் ராஜஸ்தானில் மிக்-21 தீப்பிடித்தபோது, கீழே இருந்த கிராமத்தைத் தாண்டிக் கொண்டுபோய்விட்டுக் குதித்த விமானி ஒருவருக்கு முதுகெலும்பு பாதிக்கப்பட்டு, அதன்பின் போர் விமானமே ஓட்ட முடியாமல் போயிற்று. விபத்துக்குக் காரணம் தயாரிப்புக் குறை என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் போராடித்தான் அவர் அறிந்துகொண்டார். வழக்குத் தொடுத்தார், 2017 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றம் அவருக்கு 55 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. அதில் 50 லட்சத்தைத் தயாரிப்பு நிறுவனமும் 5 லட்சத்தை மத்திய அரசும் தர வேண்டும் என்பது தீர்ப்பு. அந்த அறிக்கை வெளியே வந்ததால் எந்த எதிரியும் பயன் அடையவில்லை. அது வராமல் போயிருந்தால், தன் விமானத்துக்கு என்ன நேர்ந்தது என்பதே அந்த மனிதருக்குத் தெரியாமல் போயிருக்கும்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். ரகசியத்தில் அவர்கள் நமக்குக் குறைந்தவர்களல்லர். 2013 முதல் 2018 வரை தங்கள் ராணுவ விமானங்கள் 157ஐயும் 198 உயிர்களையும் இழந்ததை ஆராய அவர்களின் நாடாளுமன்றம் ஒரு தேசியக் குழுவையே அமைத்தது. அதன் அறிக்கை 2020 டிசம்பரில் வெளியானது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். விமானிகளுக்குப் போதிய பறப்பு நேரம் கிடைக்கவில்லை, அனுபவமுள்ள மெக்கானிக்குகள் வேறு எழுத்து வேலைகளில் சிக்கிக்கொள்கிறார்கள், நிதி நேரத்துக்கு வருவதில்லை என்று அதில் வெளிப்படையாக எழுதியிருந்தார்கள். ஏவுகணையின் தூரமோ ரேடாரின் அலைவரிசையோ அதில் இல்லை. நம் நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கையிலும் 2017 முதல் 2022 வரை 34 விபத்துகள் என்ற கணக்கு வெளிவந்திருக்கிறது. எண்ணிக்கையோடு, ஒவ்வொன்றிலிருந்தும் கற்ற பாடம் என்ன, அது நடைமுறைக்கு வந்த தேதி என்ன என்பதும் வெளிவந்தால் டீச்சரின் தங்கையைப் போன்ற தாய்மார்கள் ஊகத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை.

தஞ்சை வாசகர்:

தேதியைச் சொல்லுங்கள் என்று கேட்பதில் எனக்கு மறுப்பில்லை. விமானத்தின் திறன் பற்றிய பகுதிகளை நீக்கிவிட்டுப் பயிற்சி, பராமரிப்பு பற்றிய பகுதிகளை மட்டும் வெளியிடலாம் என்றால் என் எதிர்ப்பை விலக்கிக்கொள்கிறேன். 1982இல் கேட்ட விமானம் 2008இல் வந்தது என்பதை இன்றுதான் முழுதாக அறிந்தேன்.

சூலூர் ஆசிரியை:

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. உள்காது பற்றிய பகுதியை நேற்று வகுப்பில் செய்தே காட்டினேன். சுழலும் நாற்காலியில் ஒரு மாணவனைக் கண்ணைக் கட்டி உட்கார வைத்து மெதுவாகச் சுற்றி நிறுத்தினோம். நாற்காலி நின்ற பிறகும் அவன், எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறேன் என்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டே இருந்தான். கேள்வி கேட்ட அந்த மாணவி, “அப்போ அவங்க தப்பு செய்யலையா டீச்சர்?” என்றாள். தப்பு என்ற சொல்லை விட்டுவிட்டு, என்ன நடந்தது என்று கேட்கப் பழகு என்றேன்.

தஞ்சை ஐயா சொன்ன 10 கிலோமீட்டர் விதி எனக்கு இதுவரை தெரியாது. நான் பள்ளிக்குப் போகும் சாலையில் ஓரிடத்தில் கோழிக் கழிவை மூட்டை மூட்டையாக எறிந்துவிட்டுப் போகிறார்கள். காலை எட்டு மணிக்கு அந்த இடத்தின் மேல் பருந்துகள் வட்டமிடுவதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் போகிறேன். பெற்றோர் சிலரிடம் பேசி மனு ஒன்று எழுதத் தொடங்கியிருக்கிறோம்.

சார்ஜென்ட் ஐயா, ஒன்று மட்டும் கேட்க வேண்டும். தங்கை மகன் துண்டிகல்லுக்குக் கிளம்பும் முன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறான். தரையில் நின்று அத்தனை பேரை வழியனுப்பிய நீங்கள் அவனிடம் எதைச் சொல்வீர்கள்?

முன்னாள் ஏர்ஃபிரேம் ஃபிட்டர், தாம்பரம்:

டீச்சர், அவனுக்குப் பறக்கக் கற்றுத் தரத் தேர்ந்த பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளி எங்கள் தாம்பரத்தில்தான் இருக்கிறது. அங்கே கற்றுத் தருவதே எப்படிக் கற்றுத் தருவது என்பதுதான். பறத்தலைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

சளி பிடித்திருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். மூக்கடைப்போடு உயரே போய்விட்டு வேகமாக இறங்கினால் காதிலும் நெற்றியிலும் தாங்க முடியாத வலி வரும். நண்பர்களைவிடப் பின்தங்கிவிடுவோமோ என்ற பயத்தில் பையன்கள் அதனை மறைப்பார்கள். இரவு தூங்கவில்லை என்றால் அதையும் சொல்லட்டும். பயிற்றுநர் சொன்னது புரியவில்லை என்றால், புரிந்தது போலத் தலையாட்டாமல் மறுபடி கேட்கட்டும்.

எங்கள் ஸ்குவாட்ரனில் ஒருமுறை ஓர் இளம் விமானி ஏணியில் பாதி ஏறியவர் இறங்கிவிட்டார். வீட்டிலிருந்து வந்த ஒரு செய்தியால் மனம் சரியில்லை, இன்று பறக்கவில்லை என்று ஃப்ளைட் கமாண்டரிடம் சொன்னார். கமாண்டர் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் பலகையில் அவர் பெயரை அழித்து வேறு பெயரை எழுதினார். நான் உருவிய ஊசிகளைத் திரும்பச் செருகிவிட்டு, அடுத்தவர் வரும் வரை ஏணியடியில் காத்திருந்தேன். மறுநாள் அதே விமானத்தில் அவர் ஏறினார். ஊசிகளை விரித்துக் காட்டினேன், எண்ணினார், பறந்துவிட்டு நாற்பது நிமிடத்தில் வந்து இறங்கினார். அந்தக் கமாண்டரைப் பற்றியும் உங்கள் பிள்ளைக்குச் சொல்லுங்கள். ஒரு நாள் அவனும் அந்தப் பலகையின் முன் நிற்கக்கூடும்.